இழுப்பது எளிது, நிறுத்துவதுதான் பாடு

மாணவர்களே, முதலில் ஒரு சின்னக் கணக்கு. 7,000 கிலோ எடையுள்ள ஒரு டிரெய்லர் சமதளமான தார்ச்சாலையில் நிற்கிறது. அதை மெதுவாக உருட்டிக்கொண்டு போக எவ்வளவு விசை வேண்டும்?

பலரும் ஆயிரக்கணக்கான கிலோ என்றுதான் நினைப்பார்கள். ஆனால், நன்றாகக் காற்றடைத்த டயர்கள் உருளும்போது எதிர்க்கும் விசை, எடையில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். அதாவது, 70 கிலோ மூட்டை ஒன்றைத் தூக்கத் தேவைப்படும் விசை. உங்கள் வகுப்பு மாணவர்கள் நாலைந்து பேர் தோள்கொடுத்துத் தள்ளினால் அந்த டிரெய்லர் நகர்ந்துவிடும்.

அப்படியானால், ஒரு சாதாரணப் பிக்கப் வாகனம் அதைச் சுலபமாக இழுத்துவிடுமே? ஆமாம், இழுத்துவிடும். ஆபத்து தொடங்குவதும் அங்கேதான். "என் வண்டி இழுக்கிறது, அது போதும்" என்ற எண்ணத்தில் புறப்பட்டு, முதல் இறக்கத்திலோ முதல் வளைவிலோ கட்டுப்பாட்டை இழந்தவர்கள் உண்டு. டிராக்டரை ஏற்றிச் செல்லும் விவசாயிகள் பெரிய பிக்கப்புக்கும் பெரிய டிரெய்லருக்கும் மாறுவதன் பின்னால் என்ன அறிவியல் இருக்கிறது என்று பார்ப்போம்.

இழுப்பவனையே இழுக்கும் வண்டி

டிராக்டர் ஏர் இழுக்கும், மரம் இழுக்கும், சேற்றில் சிக்கிய லோரியையும் இழுக்கும். ஆனால், தூரப் பயணம் அதற்கு ஒத்துவராது. பல டிராக்டர்களின் வேகம் மணிக்கு 30 அல்லது 40 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். வயலுக்கென்று செய்யப்பட்ட அதன் டயர்கள் தார்ச்சாலையில் வேகமாகத் தேய்ந்துவிடும். ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும் என்பார்கள். அதுபோல டிராக்டரும் அவ்வப்போது வண்டியில் ஏறித்தான் ஆக வேண்டும்.

நம் நாட்டில் கெடா, செகிஞ்சான் போன்ற நெல் வட்டாரங்களில் இத்தகைய இயந்திரங்களைப் பெரும்பாலும் லோரியின் மேல் ஏற்றிக் கொண்டுசெல்வார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் வழக்கம் வேறு. அங்கே பல விவசாயிகள் தங்கள் சொந்தப் பிக்கப்பின் பின்னால் ஒரு டிரெய்லரை மாட்டி, அதில் டிராக்டரை ஏற்றித் தாங்களே ஓட்டிச் செல்கிறார்கள். எனவே, எந்த எடைக்கு எந்த வண்டி என்ற கணக்கையும் அவர்களே போட வேண்டியிருக்கிறது. நாமும் ஒரு கற்பனை விவசாயியை வைத்துக்கொண்டு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

அவரிடம் ஒரு சிறிய டிராக்டர் இருந்தது. முன்னால் மண் அள்ளும் வாளி, பின்னால் புல் வெட்டும் கருவி, எல்லாம் சேர்த்து 2,000 கிலோ. டிரெய்லரின் எடை 1,000 கிலோ, பிக்கப்பின் எடை 2,500 கிலோ. மொத்தம் 5,500 கிலோ. இப்போது அவர் 4,500 கிலோ எடையுள்ள பெரிய டிராக்டர் ஒன்றை வாங்கிவிட்டார். பழைய பிக்கப்பும் பழைய டிரெய்லரும் போதுமா?

முதலில் பார்க்க வேண்டிய எண்கள்

மலேசியாவில் ஒரு லோரியின் கதவருகே உற்றுப் பாருங்கள். 'பெராட் தன்பா முவாத்தான்', 'பெராட் டெங்ஙான் முவாத்தான்' என்பவற்றின் சுருக்கெழுத்துகளும் அவற்றுக்குப் பக்கத்தில் இரண்டு எண்களும் இருக்கும். முதலாவது, சரக்கு இல்லாதபோது வண்டியின் எடை. இரண்டாவது, சரக்கோடு அது எட்டக்கூடிய உச்ச எடை. சிங்கப்பூர்ச் சரக்கு வாகனங்களிலும் இதே இரண்டு எண்களைக் காணலாம். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் கிடைப்பதுதான் அந்த வண்டி சுமக்கக்கூடிய பளு.

அமெரிக்கப் பிக்கப்புகளிலும் டிரெய்லர்களிலும் இப்படிப்பட்ட எண்கள் ஒரு சிறு தகட்டிலோ ஒட்டுவில்லையிலோ அச்சிடப்பட்டிருக்கும். நம் விவசாயியின் பழைய டிரெய்லரில் இரண்டு அச்சுகள் உள்ளன. ஒவ்வொன்றும் 3,500 பவுண்டு தாங்கும். மொத்தம் 7,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 3,175 கிலோ. டிரெய்லரின் சொந்த எடை 1,000 கிலோ போக, மிச்சம் 2,175 கிலோ. சிறிய டிராக்டருக்கு அது போதும். 4,500 கிலோ டிராக்டருக்கு அது பாதிகூட இல்லை.

சரி, டிரெய்லரை மட்டும் மாற்றிவிட்டால்? புதிய பெரிய டிரெய்லரின் எடை 2,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். டிராக்டரோடு சேர்த்து 7,000 கிலோ. பிக்கப்பின் முறை இப்போது வருகிறது. அதன் எஞ்சினைவிட முதலில் திணறப்போவது அதன் முதுகு.

மூக்குப் பளு

டிரெய்லரின் எடை முழுவதும் அதன் சக்கரங்களில் இறங்குவதில்லை. அதன் முன்முனை, பிக்கப்பின் பின்னால் உள்ள உருண்டையான இணைப்பின்மேல் அமர்ந்து கீழ்நோக்கி அழுத்துகிறது. இந்த அழுத்தத்தை நாம் 'மூக்குப் பளு' என்று அழைப்போம். பிக்கப்பின் பின்புறத்தில் மாட்டும் டிரெய்லர்களுக்கு, மொத்த டிரெய்லர் எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை மூக்குப் பளுவாக இருக்க வேண்டும் என்பது பொது விதி.

7,000 கிலோ டிரெய்லருக்கு அது 700 முதல் 1,050 கிலோ வரை. ஒரு சிறிய பிக்கப் மொத்தத்தில் சுமக்கக்கூடியது 700 அல்லது 800 கிலோ என்றால், ஓட்டுநர், உடன் வருபவர், கருவிப்பெட்டி ஆகியவற்றுக்கே 250 கிலோ போய்விடும். கணக்கு இங்கேயே உடைந்துவிடுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. தொடக்கப்பள்ளியில் படித்த நெம்புகோலை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பிக்கப்பின் பின்சக்கரம்தான் தாங்கும் புள்ளி. இணைப்பு அதற்கு 1.2 மீட்டர் பின்னால் இருக்கிறது. முன்சக்கரம் 3.6 மீட்டர் முன்னால் இருக்கிறது. இணைப்பின்மேல் 900 கிலோ இறங்கினால், அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 300 கிலோ, முன்சக்கரங்களின் மேலிருந்த பளுவிலிருந்து குறைந்துவிடும். பின்சக்கரங்களோ 1,200 கிலோவைக் கூடுதலாகத் தாங்க வேண்டும். வண்டியைத் திருப்புவது முன்சக்கரம். பிரேக் போடும்போது அதிகம் உழைப்பதும் முன்சக்கரம். அதன் பிடிமானமே குறைந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஒரு முழம் செய்யும் வேலை

அப்படியென்றால் டிராக்டரைக் கொஞ்சம் பின்னால் தள்ளி நிறுத்தி, மூக்குப் பளுவைக் குறைத்துவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். செய்யவே கூடாத காரியம் அதுதான்.

பழைய டிரெய்லரையே எடுத்துக்கொள்வோம். டிராக்டரோடு அதன் எடை 3,000 கிலோ. மூக்குப் பளு 360 கிலோ, அதாவது 12 விழுக்காடு. நல்ல நிலைமை. இணைப்புக்கும் டிரெய்லர் அச்சுக்கும் இடையே 4 மீட்டர். இப்போது 2,000 கிலோ டிராக்டரை ஒரு முழம், அதாவது 45 சென்டிமீட்டர் பின்னால் நகர்த்துங்கள். 2,000-ஐ 0.45-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 225. மூக்குப் பளுவில் 225 கிலோ குறைந்து, வெறும் 135 கிலோவாகிவிடும். 12 விழுக்காடு 4.5 விழுக்காடாக இறங்கிவிட்டது. பூக்கடையில் அளந்து தரும் ஒரு முழம்தான். ஆனால், ஒரு பாதுகாப்பான வண்டியை ஆபத்தான வண்டியாக்க அதுவே போதும்.

ஏன் ஆபத்து? ஓர் அம்பை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் கனம் முனையில் இருக்கிறது. வாலில் உள்ள இறகு அதை நேராக வைத்திருக்கிறது. கனத்தை வால் பக்கம் கொண்டுபோனால் அம்பு நேராகப் பறக்காது. டிரெய்லரில் அந்த இறகின் வேலையைச் செய்பவை டயர்கள். பளுவின் ஈர்ப்பு மையம் டயர்களுக்கு முன்னால் இருந்தால், ஒரு காற்று வீச்சோ பள்ளமோ டிரெய்லரைப் பக்கவாட்டில் அசைத்தாலும் டயர்கள் அதை நேருக்குக் கொண்டுவந்துவிடும். மையம் பின்னால் போய்விட்டால், ஒவ்வோர் அசைவும் முந்தைய அசைவைவிடப் பெரிதாகலாம். டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும்.

நகரும் பட்டையின்மேல் பொம்மைக் காரையும் பொம்மை டிரெய்லரையும் ஓடவிட்டு இதைச் செய்து காட்டுவார்கள். எடை முன்னால் இருக்கும்போது டிரெய்லரை விரலால் தட்டினால், இரண்டு முறை ஆடி அடங்கிவிடும். எடையைப் பின்னால் மாற்றி அதே அளவு தட்டினால், ஆட்டம் வளர்ந்துகொண்டே போய், இறுதியில் காரையும் சேர்த்துச் சுழற்றிப்போடும்.

வேகமும் இதில் பங்கு வகிக்கிறது. ஒவ்வொரு வண்டிக்கும் டிரெய்லருக்கும் ஒரு வேக எல்லை உண்டு. அதற்குக் கீழே ஆட்டம் தானாக அடங்கும். அதற்கு மேலே ஆட்டம் தானாக வளரும். மூக்குப் பளு குறையக் குறைய அந்த எல்லையும் கீழே இறங்கும். எனவே, வாலாட்டம் தொடங்கிவிட்டால் வேகத்தைக் கூட்டக்கூடாது. பிக்கப்பின் பிரேக்கை ஓங்கி மிதிக்கவும் கூடாது, ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டவும் கூடாது. எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் தனியாக இயக்க வேண்டும். பின்னால் இழுக்கும் டிரெய்லர் ஒரு கயிற்றைப்போல் நேராகிவிடும்.

வாத்துக் கழுத்தின் இரகசியம்

இனி, பெரிய வண்டிக்கு வருவோம். கனமான டிராக்டர்களை ஏற்றிச் செல்பவர்கள் பலர் 'கூஸ்நெக்' வகை டிரெய்லருக்கு மாறுகிறார்கள். வாத்துக் கழுத்து என்று பொருள். அதன் முன்பகுதி வாத்தின் கழுத்தைப்போல் மேலெழுந்து, பிக்கப்பின் பின்கதவைத் தாண்டி, சரக்குத் தட்டின் நடுவே இறங்கும். இணைப்பு அங்கே, பின்சக்கர அச்சுக்கு நேர் மேலோ சற்று முன்னாலோ இருக்கும்.

இந்த ஒரு மாற்றம் இரண்டு சிக்கல்களையும் ஒரே நேரத்தில் தீர்க்கிறது. பளு பின்சக்கரத்துக்கு மேலேயே இறங்குவதால், முன்சக்கரங்களைத் தூக்கும் நெம்புகோல் இல்லாமற் போகிறது. பக்கவாட்டில் டிரெய்லர் தள்ளினாலும், அந்த விசைக்குப் பிக்கப்பைச் சுழற்றும் கைப்பிடி நீளம் கிடைப்பதில்லை. கதவைக் கீலுக்குப் பக்கத்தில் தள்ளிப் பாருங்கள். எவ்வளவு முயன்றாலும் அது லேசில் திறக்காது. அதே தத்துவம்தான் இங்கும்.

ஆனால், இதற்கும் ஒரு விலை உண்டு. கூஸ்நெக் டிரெய்லரின் மூக்குப் பளு 20 விழுக்காடு அளவில் இருக்கும். 7,000 கிலோவுக்கு அது 1,400 கிலோ. அதைச் சுமக்க, பின்னால் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சக்கரங்களும் தடித்த வில் தகடுகளும் கொண்ட பெரிய பிக்கப் வேண்டும். அத்தகைய வண்டிகள் 2,000 கிலோவுக்கு மேல் சுமக்கக்கூடியவை. டிரெய்லர் பெரிதானதால் பிக்கப்பும் பெரிதாக வேண்டியிருக்கிறது. ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை அப்படியே விட முடியாது.

ஆறு லிட்டரிலிருந்து பதினொரு லிட்டருக்கு

புதிய பிக்கப்பின் எடை 3,500 கிலோ என்றால், டிரெய்லரோடு மொத்தம் 10,500 கிலோ. இது மணிக்கு 90 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. இயக்க ஆற்றலின் சூத்திரம் உங்களுக்குத் தெரியும்: பொருண்மையில் பாதியை, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 33 இலட்சம் ஜூல்.

அந்த எண் எவ்வளவு பெரியது? வண்டி நிற்கும்போது இந்த ஆற்றலில் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாக மாற வேண்டும். அதே வெப்பம் 11 லிட்டர் தண்ணீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுசென்றுவிடும். பழைய வண்டிக்கு இந்தக் கணக்கு 6 லிட்டருக்குள் முடிந்தது. வேகத்தை 90-லிருந்து 110-க்கு உயர்த்தினாலோ, ஆற்றல் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடும்.

இதனால்தான் கனமான டிரெய்லருக்குத் தனி பிரேக் தேவை. பெரும்பாலானவற்றில் மின்சார பிரேக் இருக்கும். ஓட்டுநர் பிரேக்கை மிதித்ததும் டிரெய்லரின் சக்கரத்துக்குள் உள்ள மின்காந்தத்துக்கு மின்சாரம் பாய்கிறது. காந்தம் சுழலும் இரும்புப் பரப்பைக் கவ்வுகிறது. அந்தச் சுழற்சி காந்தத்தை இழுக்க, காந்தம் ஒரு நெம்புகோலை இழுக்க, நெம்புகோல் பிரேக் கட்டைகளை விரிக்கிறது. டிரெய்லர் கழன்றுவிட்டால்? அதற்காக ஒரு மெல்லிய கம்பி பிக்கப்போடு கட்டப்பட்டிருக்கும். கம்பி இழுபட்டவுடன், டிரெய்லரிலேயே உள்ள ஒரு சிறு மின்கலம் பிரேக்கை இறுக்கிவிடும்.

இறக்கத்தில் நூறு லிட்டர்

கெந்திங் மலையிலோ கேமரன் மலையிலோ இறங்கும்போது, தாழ்ந்த கியரைப் பயன்படுத்தச் சொல்லும் மலாய் அறிவிப்புப் பலகைகளைக் கண்டிருப்பீர்கள். காரணம் இதோ. 10,500 கிலோ வண்டி 300 மீட்டர் உயரத்திலிருந்து சீரான வேகத்தில் இறங்கினால், வெளியேற வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 3 கோடி ஜூல். 100 லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம் அது. அனைத்தையும் பிரேக்கே ஏற்றால், அது சூடேறி, உராய்வுத் திறனை இழந்து, கடைசியில் மிதித்தாலும் பிடிக்காமல் போகும்.

தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியைத் தடுத்துப் பிடிக்கும். பெரிய டீசல் பிக்கப்புகளில் இதற்கென்றே புகைப்போக்கி பிரேக் என்ற வசதி உண்டு. அது புகை வெளியேறும் வழியைக் குறுக்கிவிடும். எஞ்சின் அடைபட்ட காற்றோடு போராட வேண்டியிருப்பதால் வேகம் குறையும். பெரிய வண்டிக்கு மாறுவதில் கிடைக்கும் உண்மையான இலாபங்களில் இதுவும் ஒன்று.

ஏற்றத்திலும் எஞ்சினுக்கு வேலை உண்டு, மறுக்கவில்லை. 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் சாலையில், இதே 10,500 கிலோவை மணிக்கு 64 கிலோமீட்டரில் ஏற்ற, காற்றின் எதிர்ப்பு நீங்கலாக, ஏறத்தாழ 150 குதிரைத்திறன் வேண்டும். அமெரிக்காவில் பிக்கப்புகளின் இழுக்கும் திறனை அளக்கும் பொதுத் தரமுறையில் இப்படிப்பட்ட ஒரு சாலையே சோதனைக்களம். அரிசோனா மாநிலத்தில் டேவிஸ் அணைக்கு அருகே தொடங்கும் அந்த ஏற்றம் சுமார் 18 கிலோமீட்டர் நீளம். பாலைவன வெயிலில், குளிர்சாதனத்தை முழுதாகத் திறந்துவைத்து, குறைந்தபட்ச வேகத்துக்குக் கீழே இறங்காமல் ஏற வேண்டும். அந்தச் சோதனையில் தேறிய எண்ணைத்தான் விளம்பரங்கள் பெரிய எழுத்தில் போடுகின்றன. சுமக்கும் திறனோ, கதவோரத்தில் சிறிய எழுத்தில் இருக்கிறது. முதலில் தீர்ந்துபோவது பெரும்பாலும் அந்தச் சிறிய எண்தான்.

சங்கிலியும் தராசும்

எல்லாம் சரியாக அமைந்தாலும், டிராக்டர் டிரெய்லரின் மேல் அசையாமல் இருந்தால்தான் பயன். வணிகப் போக்குவரத்துக்கான அமெரிக்க விதிப்படி, 10,000 பவுண்டு அல்லது அதற்கு மேல் எடையுள்ள இயந்திரத்தைக் குறைந்தது நான்கு இடங்களில் கட்ட வேண்டும். திடீரென பிரேக் போடும்போது, புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் எட்டுப் பங்கு அளவுக்கு வேகம் குறைந்தாலும் அது முன்னால் பாயக்கூடாது. 4,500 கிலோ டிராக்டருக்கு அது 3,600 கிலோ எடைக்குச் சமமான விசை. ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், சில மீட்டர் தூரத்தில், அந்த விசை காத்திருக்கிறது. அதனால்தான் சங்கிலிகளில் சில முன்னோக்கியும் சில பின்னோக்கியும் சாய்வாக இழுத்துக் கட்டப்படுகின்றன.

கணக்கு சரியா என்று எப்படி உறுதிசெய்வது? அமெரிக்க நெடுஞ்சாலை ஓய்விடங்கள் பலவற்றில் லோரித் தராசுகள் உள்ளன. முன்சக்கரம், பின்சக்கரம், டிரெய்லர் சக்கரம் என ஒவ்வொன்றின் பளுவையும் தனித்தனியாக அவை காட்டும். சிறிய டிரெய்லரின் மூக்குப் பளுவை அறிய, வீட்டில் நாம் ஏறி நின்று பார்க்கும் தராசே போதும். ஒரு பலகையின் ஒரு முனையைச் செங்கல்லின்மேலும், மறுமுனையைத் தராசின்மேலும் வைக்க வேண்டும். டிரெய்லரின் மூக்கை, செங்கல்லிலிருந்து பலகையின் நீளத்தில் கால் பங்கு தூரத்தில் இறக்க வேண்டும். தராசு காட்டுவதை நான்கால் பெருக்கினால் விடை.

இதை நீங்களே இன்று செய்து பார்க்கலாம். ஓர் அளவுகோல், ஓர் அழிப்பான், சமையலறைத் தராசு, ஒரு கனமான டப்பா இருந்தால் போதும். அளவுகோலின் ஒரு முனையை அழிப்பானின்மேலும், மறுமுனையைத் தராசின்மேலும் வைத்து, தராசைப் பூஜ்யமாக்கிக்கொள்ளுங்கள். பிறகு டப்பாவை ஒவ்வொரு சென்டிமீட்டராக நகர்த்தி, தராசின் எண் எப்படி மாறுகிறது என்று குறித்து வாருங்கள். பொருளின் எடை கொஞ்சமும் மாறாமலே, அது அழுத்தும் இடமும் அளவும் மாறுவதைக் காண்பீர்கள். டிராக்டரைச் சரியான இடத்தில் நிறுத்தத் தெரிந்த ஒரு நல்ல ஓட்டுநர், சாலையில் எதிரே வரும் குடும்பத்தின் உயிரைக் காப்பதும் இதே அறிவைக் கொண்டுதான்.